ஓடாத காரின் மேல் என்ன காதல்?

2022 மே மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு கார் ஏலம் போனது. 1955-ஆம் வருடத்து மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர் ஊலன்ஹாட் கூபே. விலை 13 கோடியே 50 லட்சம் யூரோ! ஒரு காருக்கு ஏலத்தில் அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. வாங்கியவர் யார் என்று வெளியே சொல்லவில்லை.

இப்படி ஒரு செய்தி வந்தாலே போதும், "பழைய கார் மேல் என்ன ஒரு காதல்!" என்று உருக ஆரம்பித்துவிடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். இது காதலா, இல்லை நான்கு சக்கரம் வைத்த ஃபிக்ஸட் டெபாசிட்டா?

அந்தக் காரின் பெயரில் இருக்கும் ரூடால்ஃப் ஊலன்ஹாட், அதை உருவாக்கிய என்ஜினியர். கம்பெனி கார் என்று சொல்லி அதைச் சாதாரண ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனவர். உருவாக்கிய மனிதருக்கு அது ஒரு வண்டி. 67 வருடம் கழித்து வாங்குகிறவருக்கு அது ஒரு சொத்து. வித்தியாசம் புரிகிறதா?

சரி, உண்மையான காதல் எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்று ஒரு வாத்தியார் இருந்தார். நியூயார்க் மாநிலத்தில் லாங் ஐலண்ட் பகுதி, அறிவியல் பாடம். 1966-இல், இருபதுகளில் இருந்தபோது, 4,150 டாலர் கொடுத்து ஒரு சிவப்பு வால்வோ பி1800எஸ் வாங்கினார். ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம். வாங்கிய முதல் வார இறுதியிலேயே 1,500 மைல் ஓட்டிவிட்டு, திங்கட்கிழமை முதல் சர்வீசுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்!

அதற்கப்புறம் நிறுத்தவே இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் போக வர தினமும் 125 மைல். 1987-இல் 10 லட்சம் மைல். 2002-இல் 20 லட்சம். 2013 செப்டம்பரில் அலாஸ்காவில் 30 லட்சம். கிலோமீட்டரில் சொன்னால் சுமார் 48 லட்சம். நிலாவுக்கு ஆறு தடவை போய்த் திரும்பி வரும் தூரம். ஒரே சொந்தக்காரர், ஒரே கார். 2018 நவம்பரில் அவர் காலமாகும் வரை அந்த உறவு நீடித்தது.

அவர் மந்திரம் எதுவும் செய்யவில்லை. கம்பெனி கொடுத்த கையேட்டில் சொன்னபடி நேரத்துக்கு ஆயில் மாற்றினார், சத்தம் மாறினால் கவனித்தார். எஞ்சினை முதன்முதலில் பிரித்து வேலை செய்ததே 6 லட்சத்து 80 ஆயிரம் மைலுக்குப் பிறகுதான். மைலுக்கு ஒரு டாலர் கொடுத்தால் விற்கிறேன் என்று சிரித்துக்கொண்டே சொல்வாராம். அந்தக் கணக்கைக் கவனியுங்கள். அவர் விலை வைத்தது தகரத்துக்கோ பெயின்டுக்கோ அல்ல, ஓடிய தூரத்துக்கு!

சேகரிப்பாளர்கள் உடனே மூன்று பதில் வைத்திருப்பார்கள்.

ஒன்று, "எல்லோரும் ஓட்டித் தேய்த்தால் அடுத்த தலைமுறைக்கு என்ன மிஞ்சும்?" உலகத்திலேயே இரண்டுதான் இருக்கிறது என்றால் நியாயம், மியூசியத்தில் வைக்கட்டும். நாலு பேர் பார்ப்பார்கள். ஆனால் ஆயிரக்கணக்கில் செய்த கார்களையும் இப்படிப் பூட்டி வைக்கிறார்களே, அது எதற்கு? தவிர, நிறுத்தி வைத்தால் கார் பிழைக்கும் என்பதே தப்பு. ரப்பர் சீல் காய்ந்து வெடிக்கும், பெட்ரோல் கெட்டுப்போகும், பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும், பேட்டரி சாகும், டயர் ஒரே பக்கம் அமுங்கிப்போகும். எப்போதாவது ஓட்டினால்தான் வண்டி உயிரோடு இருக்கும்.

இரண்டு, "புகை?" இது நியாயமான கேள்வி, மழுப்பக் கூடாது. 1966 மாடல் காரில் கேட்டலிடிக் கன்வர்ட்டர் கிடையாது. அதன் புகை இன்றைய காரின் புகையைவிட மோசம். ஊரில் எல்லோரும் பழைய கார் ஓட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு ஒரு புது கார் மாற்றுகிறவர் இந்தக் கேள்வியைக் கேட்கும்போது, ஒவ்வொரு புது காருக்கும் இரும்பு உருக்க எவ்வளவு நிலக்கரி எரிகிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

மூன்று, "என் காசு, என் கார், உனக்கென்ன?" ஒன்றும் இல்லை. பூட்டி வைக்க முழு உரிமை உண்டு. அதற்குக் காதல் என்று பெயர் வைக்கத்தான் உரிமை இல்லை :-)

இன்னொரு உதாரணம். 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மாடல் பச்சை மஸ்டாங். 1974-இல் கியர்னன் என்பவர் அதை வாங்கினார். அவர் மனைவி அதில்தான் பள்ளிக்கூட வேலைக்குப் போய்வந்தார். 1977-இல் மெக்வீனே கடிதம் எழுதித் திருப்பிக் கேட்டும் கொடுக்கவில்லை! பிறகு அது பல வருடம் நின்று போனது உண்மைதான். 2020 ஜனவரியில் ஏலத்துக்கு வந்தபோது பளபளப்பாக்காமல், அடிபட்ட தழும்புகளோடு அப்படியே வந்தது. கமிஷனோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போனது. கடைசியில் சந்தையே ஒத்துக்கொண்டது என்ன? ஒரு குடும்பம் அதோடு வாழ்ந்ததற்குத்தான் மதிப்பு.

நம்மூர் சட்டமும் பூட்டி வைப்பவர் பக்கம்தான். 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் வாகனங்களுக்கு விதி கொண்டுவந்தது. 50 வயது தாண்டிய வண்டி, பெரிய மாற்றம் செய்யாமல் இருக்க வேண்டும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய். எல்லாம் சரி. ஆனால் இப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் இதற்கெல்லாம்தான் ரோட்டில் எடுக்கலாம். அன்றாட வேலைக்கு ஓட்டக் கூடாது! கார்டனின் வால்வோவுக்கு 2016-இல் 50 வயது. இந்த விதிப்படி பதிந்திருந்தால் கடைக்குக்கூட அதில் போயிருக்க முடியாது. அதற்குப் பதிலாக, வருடத்துக்கு ஒரு புகைப் பரிசோதனை, இத்தனை கிலோமீட்டர்தான் என்று ஒரு வரம்பு, அதற்குள் சொந்தக்காரர் விருப்பப்படி ஓட்டட்டும் என்று வைத்தால் என்ன குறைந்துவிடும்?

பதினெட்டு வயதில் தெருவில் பார்த்து ஏங்கிய காரை ஐம்பத்தைந்து வயதில் வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் அந்தப் பையன் ஏங்கியது என்ன? போர்வை போர்த்திய ஒரு காரை ஷெட்டில் வைத்திருக்கவா? கண்ணாடியை இறக்கிவிட்டு, முழங்கையை வெளியே வைத்து, எங்கேயாவது போகத்தானே! வயது ஏறியதும் காரை வாங்கிவிட்டு அந்தப் பையனை மட்டும் ஷெட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறார்கள்.

பழைய கார் வைத்திருப்பவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால் என்ன மாடல், என்ன விலை என்றெல்லாம் கேட்காதீர்கள். கடைசியாக எங்கே போனீர்கள் என்று மட்டும் கேளுங்கள்.