டிரைவர் டிப்போவில், பயணி வெயிலில்

கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் நிற்கிறது. டீசல் இருக்கிறது. டிரைவரும் டிப்போவில்தான் இருக்கிறார். ஆனால் தானாக வரமாட்டார். பயணிகளில் யாராவது டிப்போவுக்குப் போய் அவர் பெயரை எழுத்துப் பிசகாமல் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் தெரியாதவர்கள்? நடந்தே போகலாம், 45 கிலோமீட்டர்தானே!

இப்படி ஒரு போக்குவரத்துக் கழகம் இருந்தால் ஊரே சிரிக்கும். லினக்ஸில் இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் நடக்கிறது. யாரும் சிரிப்பதில்லை, கேட்டால் முறைக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருவோம். கம்ப்யூட்டருக்குள் சூடு, ஃபேன் வேகம், வோல்டேஜ் இவற்றையெல்லாம் அளக்கும் சென்சார்கள் இருக்கின்றன. அவற்றைப் படிக்கும் டிரைவர்கள் லினக்ஸ் கெர்னலோடு சேர்ந்தே வருகின்றன. வைஃபை, சவுண்டு கார்டு டிரைவர்கள் பூட் ஆகும்போதே தானாக லோட் ஆகிவிடும். சென்சார் டிரைவர்களில் பல அப்படி இல்லை, டிஸ்கில் தூங்கிக்கொண்டிருக்கும். எழுப்ப வேண்டுமானால் 'சென்சார்ஸ்-டிடெக்ட்' என்ற ஸ்கிரிப்டை ரூட்டாக ஓட்டி, அது ஆங்கிலத்தில் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ஆம், இல்லை சொல்ல வேண்டும். பி.காம். படிக்கிற பையன் இதை எங்கே கண்டான்?

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பிசிஐ, யுஎஸ்பி சாதனங்கள் கேட்டால் தங்கள் அடையாள எண்ணைச் சொல்லும். டெஸ்க்டாப் மதர்போர்டில் இருக்கும் நுவோட்டான், ஐடிஇ சிப்கள் சொல்லாது. தட்டிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும், தட்டுவது ஆபத்து. 2000ஐ ஒட்டிய வருஷங்களில் சில ஐபிஎம் திங்க்பேட் லேப்டாப்களில் இப்படித் தேடப் போய், உள்ளே இருந்த ஈப்ராம் கெட்டு, மெஷின் பூட்டே ஆகாமல் போனது. அந்தச் சூடு பட்ட பூனை இன்றைக்கும் பாலைக் கண்டால் ஓடுகிறது.

பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்தைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லாத இடத்துக்கும் நீட்டியதுதான் அநியாயம்.

இன்டெல் பிராசஸரின் சூட்டைப் படிக்கும் 'கோர்டெம்ப்' டிரைவர் 2007இல் கெர்னலுக்குள் வந்தது. சென்சார் பிராசஸருக்குள்ளேயே இருக்கிறது, அது இருப்பதைப் பிராசஸரே சொல்கிறது. தட்டவே வேண்டாம். ஆனாலும் பிராசஸரைப் பார்த்துத் தானாக லோட் ஆகும் வசதி 2012இல்தான் சேர்ந்தது. சேர்த்தது சில வரிகள். அந்தச் சில வரிகளுக்கு ஐந்து வருஷம்!

அந்த ஐந்து வருஷத்துக்குள் நம்மூரில் என்ன நடந்தது? 2011 செப்டம்பரில் தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. முதல் வருஷ இலக்கே 9 லட்சத்துக்கு மேல். விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. கணக்கு போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஒரே ஒரு நிமிஷம் செலவழித்து டிரைவரை எழுப்புவதாக வைத்தால்கூட 9 லட்சம் நிமிஷம், அதாவது 15,000 மணி நேரம். ஒருவர் ஒருமுறை செய்து முடித்திருக்க வேண்டிய வேலையை லட்சம் பேர் தலையில் கட்டுவதற்குக் காமர்ஸில் பெயர் சிக்கனம் இல்லை, செலவை அடுத்தவன் கணக்கில் எழுதுவது. உண்மையில் அந்த ஒரு நிமிஷத்தையும் செலவழிக்க எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

"பிராசஸர் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளுமே, சூட்டை நீ ஏன் பார்க்க வேண்டும்?" என்று ஒரு கேள்வி வரும். காப்பாற்றிக்கொள்ளும், எப்படி? வேகத்தைக் குறைத்து. மே மாசக் கத்திரி வெயிலில் அண்ணாமலை நகர் ஹாஸ்டல் அறையில், மெத்தைமேல் வைத்த லேப்டாப் நொண்டும். சொந்தக்காரருக்குக் காரணம் தெரியாது, "பழசாயிடுச்சு" என்று நினைப்பார். கடைக்குப் போனால் ஃபார்மேட் செய், ரேம் போடு என்பார்கள். ஃபேனில் அடைத்திருக்கும் தூசியை ஒரு பிரஷ் எடுத்துத் தட்டியிருந்தால் போதும். அதைச் சொல்லியிருக்க வேண்டிய எண், டிரைவர் லோட் ஆகாததால் திரைக்கு வரவேயில்லை. கடலூர்க்காரர்களுக்கு உப்புக்காற்று வேறு போனஸ்.

இதையெல்லாம் பழங்கதை என்று தள்ளவும் முடியாது. 2020இல் இரண்டு வசதிகள் வந்தன. விலை கூடிய என்விஎம்இ டிஸ்கின் சூட்டை அதன் டிரைவரே காட்டத் தொடங்கியது, யாரும் எதையும் லோட் செய்ய வேண்டாம். பழைய சாட்டா டிஸ்குக்கு 'டிரைவ்டெம்ப்' வந்தது. அதை இன்றைக்கும் கையால்தான் லோட் செய்ய வேண்டும். சில டிஸ்க்குகளில் சூட்டைப் படித்தால், அது சுழல்வதை நிறுத்தி ஓய்வெடுக்கும் நேரம் தள்ளிப்போகிறதாம். சரி, அந்தச் சில மாடல்களை விலக்கி வையுங்கள். மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? புது மெஷின் வாங்க வசதி உள்ளவனுக்குத் தெர்மாமீட்டர் தானாக வருகிறது. அண்ணன் கொடுத்த பழைய மெஷினை வைத்திருப்பவன் கமாண்ட் மனப்பாடம் செய்ய வேண்டும். ஆபத்து யாருக்கு அதிகம்?

தீர்வு ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தன் பெயரைச் சொல்லும் சென்சாருக்கு டிரைவர் தானாக லோட் ஆகட்டும். பெயர் சொல்லாத சிப்புக்கு மதர்போர்டின் பெயரைப் பாருங்கள், அது பயாஸிலேயே எழுதியிருக்கிறது. டெல் லேப்டாப்களின் ஃபேன், சூடு காட்டும் டிரைவர் இப்படிப் பெயரைப் பார்த்துத்தான் லோட் ஆகிறது. ஒரு போர்டில் எந்தச் சிப் என்று ஒருவர் கண்டுபிடித்துச் சொன்னால், பட்டியலில் ஒரு வரி கூடும், அதே போர்டு வைத்திருக்கும் அத்தனை பேருக்கும் வேலை முடிந்தது. பட்டியலில் இல்லாத போர்டா? தொடாதீர்கள். திங்க்பேட் கதை திரும்பாது.

பட்டியலைப் பராமரிப்பது பெரிய தலைவலி என்பார்கள். ஆமாம், தலைவலிதான். ஆனால் தலைவலி இப்போதும் இருக்கிறது, சிலர் தலையில் இருக்க வேண்டியது லட்சக்கணக்கானவர் தலையில் இருக்கிறது. ஒருவர் கண்டதை எல்லோருக்கும் பொதுவாக்குவதுதானே கட்டற்ற மென்பொருளின் அடிப்படையே?

"தெரிந்தவன் லோட் செய்துகொள்வான்" என்பது கடைசி வாதம். தெரிந்தவன் ஃபேனையும் துடைத்திருப்பான், ஐயா. தெரியாதவனுக்குத்தான் அந்த எண் வேண்டும்.

டிரைவரை வண்டியில் உட்கார வையுங்கள். பயணி டிக்கெட் எடுத்துக்கொள்வான்.