'ஃபார்மட் அடிச்சிடலாம்' என்று சொல்வதற்கு முன்... அடிக்கடி ஹேங் ஆகும் கம்ப்யூட்டருக்கு முதலுதவி!

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ப்ளஸ் டூ முடித்த பெண், இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்காகக் கல்லூரிகளின் பட்டியலை வரிசைப்படுத்திக்கொண்டிருக்கிறாள். இன்று இரவுதான் கடைசி. பாதிப் பட்டியல் முடிந்த நேரத்தில் மவுஸ் அம்புக்குறி அப்படியே நின்றுவிடுகிறது. எந்த பட்டனைத் தட்டினாலும் அசைவில்லை. ஆஃப் செய்து ஆன் செய்தால் 20 நிமிடம் ஓடுகிறது, பிறகு மறுபடியும் ஹேங்!

அப்பா, பக்கத்துத் தெரு சர்வீஸ் கடைக்கு போன் போடுகிறார். "பழைய சிஸ்டம் சார்... ஃபார்மட் அடிச்சிடலாம். புதுசு மாதிரி ஓடும்" என்று பதில் வருகிறது. அப்பா சரி என்று சொல்லும் முன், கூடத்திலிருந்து பாட்டியின் குரல்: "ஏம்ப்பா, உங்கப்பாவோட அறுபதாம் கல்யாண வீடியோ அதுலதானே இருக்கு?"

அந்த வீட்டில் அன்று கேட்கப்பட்ட மிகச் சரியான தொழில்நுட்பக் கேள்வி அதுதான்.

ஹேங் ஆவது காய்ச்சல் மாதிரி. அது நோயல்ல, நோயின் அறிகுறி. வெப்பம், மெமரி, ஹார்ட் டிஸ்க், சாஃப்ட்வேர் என்று எதனாலும் அது வரலாம். காரணம் தெரியாமல் ஃபார்மட் செய்வது, பரிசோதனை இல்லாமல் ஆபரேஷன் செய்வதற்குச் சமம். பழுது ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், ஃபார்மட் செய்தாலும் அது போகாது. உள்ளே இருக்கும் படங்கள் மட்டும் போய்விடும்.

எந்த வரிசையில் என்ன செய்யலாம்?

உண்மையிலேயே ஹேங் ஆகிவிட்டதா?

சில நேரம் கம்ப்யூட்டர் நிற்பதில்லை, திணறிக்கொண்டிருக்கும். எனவே உடனே பவர் பட்டனை அழுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். பிறகு கீபோர்டில் கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே சிஸ்டம் உயிரோடு இருக்கிறது; ஏதோ ஒரு புரோகிராம்தான் சிக்கியிருக்க வாய்ப்பு அதிகம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று காட்டும் புரோகிராமைத் தேர்ந்தெடுத்து 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள்.

திரை மட்டும் உறைந்ததுபோல் இருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் மறுபடி தொடங்கிவைக்கும். திரை ஒரு நொடி இருண்டு திரும்பி வரலாம், பயப்பட வேண்டாம்.

கேப்ஸ் லாக் விளக்கும் அசையவில்லை என்றால் முழுமையான ஹேங். அப்போது பவர் பட்டனைப் பத்து நொடி வரை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கவுன்சலிங், தேர்வு விண்ணப்பம், பணப் பரிமாற்றம் போன்ற அவசர வேலையை மட்டும் அந்த கம்ப்யூட்டரில் தொடராதீர்கள். போனிலோ, பக்கத்து இ-சேவை மையத்திலோ முடித்துவிடுங்கள். ரிப்பேரை நாளைக்குப் பார்க்கலாம், கடைசித் தேதி காத்திருக்காது.

முதலில் காப்பி, பிறகுதான் வைத்தியம்!

கம்ப்யூட்டர் மறுபடி ஆன் ஆனதும் செய்ய வேண்டிய முதல் வேலை ரிப்பேர் அல்ல. ஒரு பென் டிரைவையோ, எக்ஸ்டெர்னல் டிஸ்க்கையோ செருகி, திரும்பக் கிடைக்காதவற்றை மட்டும் முதலில் காப்பி செய்யுங்கள். குடும்பப் படங்கள், வீடியோக்கள், சான்றிதழ்களின் ஸ்கேன், கணக்கு வழக்கு ஆகியவை முதலில். சினிமாக்களும் சாஃப்ட்வேர்களும் இணையத்தில் மறுபடி கிடைக்கும், அவை கடைசியில்.

'கட்' செய்யாதீர்கள், 'காப்பி' மட்டும் செய்யுங்கள். மொத்தமாக இழுத்துப் போடாமல் ஃபோல்டர் ஃபோல்டராக எடுங்கள். ஒரு ஃபைலில் சிக்கி நின்றால் அதை 'ஸ்கிப்' செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பிடிவாதமாக அதையே முயன்றுகொண்டிருந்தால், நன்றாக இருக்கும் மற்ற ஃபைல்களும் கை நழுவிப் போகலாம்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 'டக்... டக்...' என்று சத்தம் வருகிறதா? உடனே அணைத்துவிடுங்கள். உள்ளே சுழலும் தட்டின் மேல் நகரும் படிக்கும் முனை தடுமாறுகிறது என்பதன் அடையாளம் அது. ஓட ஓட சேதம் கூடும். அதில் விலைமதிப்பற்ற படங்கள் இருந்தால், டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொண்டுபோவதுதான் ஒரே வழி.

'ஃபார்மட் என்றால் சி டிரைவ் மட்டும்தானே, டி டிரைவ் பத்திரமாக இருக்குமே' என்று நினைக்கிறீர்களா? டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாம் வழக்கமாக இருப்பது சி டிரைவில்தான். பாட்டி சொன்ன அந்த வீடியோ டெஸ்க்டாப்பில் இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஒரு நோட்டும் பேனாவும் போதும்

டாக்டரிடம் போனால் முதல் கேள்வி, "எப்போதிருந்து, எந்த நேரத்தில் வலிக்கிறது?" என்பதுதான். இங்கேயும் அதேதான். இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறை ஹேங் ஆகும்போதும் நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், ஆன் செய்து எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதிவையுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு பக்கமே காரணத்தைக் காட்டிக்கொடுத்துவிடும்.

விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு நாள்குறிப்பு எழுதுகிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' வரும். எந்தத் தேதியில் எது செயலிழந்தது, அதற்கு முந்தைய நாள் என்ன புதிதாக இன்ஸ்டால் ஆனது என்று அதில் காட்டும். சிவப்புப் பெருக்கல் குறிகளை உங்கள் நோட்டுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நோட்டு என்ன சொல்கிறது?

*ஆன் செய்து கொஞ்ச நேரம் கழித்து, வீடியோ, கேம் ஓடும்போது, அதுவும் மதிய வேளையில் நிற்கிறதா?* வெப்பத்தைச் சந்தேகியுங்கள். நம் ஊர் வெயிலில், டிவி ஸ்டாண்டின் மூடிய அறைக்குள் சி.பி.யூ-வை வைத்தால் அது மூச்சுவிடவே முடியாது. பிராசஸர் அதிகமாகச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதையும் தாண்டினால் சிஸ்டமே நின்றுவிடும். பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள். ஃபேனிலும் அதன் கீழே இருக்கும் உலோகத் தகடுகளிலும் தூசி மெத்தை போல் படிந்திருக்கலாம். காய்ந்த மென்மையான பிரஷ் அல்லது சின்ன பிளோயர் போதும், ஈரத்துணி வேண்டாம். காற்றடிக்கும்போது ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தேங்கியிருக்கும். பல வருடப் பழைய சிஸ்டம் என்றால் பிராசஸர் மேல் தடவும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். அதை மாற்றுவது கடைக்காரருக்குச் சின்ன வேலை.

*பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப் திறந்திருக்கும்போது மட்டும் திணறுகிறதா?* டாஸ்க் மேனேஜரில் 'பர்ஃபார்மன்ஸ்' பகுதிக்குப் போய் மெமரியைப் பாருங்கள். எப்போதும் 90 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் ரேம் போதவில்லை. 4 ஜி.பி ரேமோடு இன்றைய பிரவுசர்களை ஓட்டுவது, ஸ்கூட்டியில் அரிசி மூட்டை ஏற்றுவது மாதிரி. 'ஸ்டார்ட்அப்' பகுதியில் தேவையில்லாதவற்றை 'டிசேபிள்' செய்யுங்கள். இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். அப்படியும் தீரவில்லை என்றால் கூடுதல் ரேம் போடலாம்.

*எந்த ஒழுங்கும் இல்லாமல், சும்மா இருக்கும்போதுகூட நிற்கிறதா?* ரேம் பழுதாகியிருக்கலாம், அல்லது ஸ்லாட்டில் சரியாக உட்காராமல் இருக்கலாம். கழற்றி, தொடுமுனைகளைச் சுத்தம் செய்து, 'கிளிக்' என்று உட்காரும்வரை அழுத்திப் பொருத்தச் சொல்லுங்கள். ஸ்டார்ட் மெனுவில் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று தேடிக் கிடைக்கும் சோதனையை ஓட்டிப் பாருங்கள். சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகி, ரேமைப் பரிசோதித்து முடிவைச் சொல்லும். ரேம் நன்றாக இருந்தும் திடீர் திடீரென்று அணைந்து எழுந்தால், அடுத்த சந்தேகம் பவர் சப்ளை மீது.

*புது பிரின்டர், புது சாஃப்ட்வேர், அப்டேட் வந்த பிறகு ஆரம்பித்ததா?* ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே 'ரீஸ்டார்ட்' கொடுத்தால் வரும் பட்டியல் வழியாக 'சேஃப் மோடு'க்குப் போகலாம். அதில் மிக அவசியமான டிரைவர்கள் மட்டுமே ஓடும். அங்கே மணிக்கணக்கில் நிற்காமல் ஓடினால், கோளாறு சாஃப்ட்வேர் பக்கம் இருக்கவே வாய்ப்பு அதிகம். கடைசியாகப் போட்டதை நீக்கிப் பாருங்கள்.

*ஃபைல் திறக்கும்போதும், சேமிக்கும்போதும் நிற்கிறதா?* டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவிகிதம் என்று காட்டி, வேகம் மட்டும் மிகச் சொற்பமாக இருக்கிறதா? முதலில் சி டிரைவ் நிரம்பி வழிகிறதா என்று பாருங்கள். இடம் இருந்தும் இதே நிலை என்றால் டிஸ்க் தளர்ந்துகொண்டிருக்கலாம். டிஸ்க்குகள் தங்கள் உடல்நிலையை 'ஸ்மார்ட்' என்ற பதிவேட்டில் தாங்களே குறித்துவைக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச சாஃப்ட்வேர் அதைப் படித்து, நீல நிறத்தில் 'குட்' என்றோ, மஞ்சளில் 'காஷன்' என்றோ, சிவப்பில் 'பேட்' என்றோ காட்டும். மஞ்சள் வந்துவிட்டால் அந்த டிஸ்க்கை இனி நம்பக் கூடாது. டிஸ்க்கைச் சரிபார்க்கும் 'செக் டிஸ்க்' கட்டளையைக்கூட, படங்களை எடுத்துவைத்த பிறகுதான் ஓட்ட வேண்டும். தளர்ந்த டிஸ்க்கை அது இன்னும் கடுமையாக வேலை வாங்கும்.

திரையில் போன் நம்பர் தெரிந்தால்..?

முழுத் திரையையும் மறைத்து, 'உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று அலாரத்தோடு ஒரு பக்கம் வந்தால், அது ஹேங் இல்லை, மோசடி. மைக்ரோசாஃப்டின் உண்மையான எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை மூடுங்கள். அழைக்காதீர்கள், அவர்கள் சொல்லும் ஆப் எதையும் போடாதீர்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது...

எல்லாம் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை. ஆனால் நோட்டோடு போனால் கடைக்காரருக்கும் வேலை சுலபம், உங்களுக்கும் செலவு குறையும். மூன்று விஷயங்களை மட்டும் சொல்லுங்கள். "என்னிடம் கேட்காமல் ஃபார்மட் செய்ய வேண்டாம். டிஸ்க்கின் ஸ்மார்ட் நிலையைக் காட்டுங்கள். டிஸ்க்கை மாற்றினால் பழையதை என்னிடமே கொடுத்துவிடுங்கள்." பழைய டிஸ்க்கில் உங்கள் வீட்டுப் படங்களும் ஆவணங்களும் இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

சாஃப்ட்வேர் குழப்பம் தீரவே இல்லை, டிஸ்க் நன்றாக இருக்கிறது, காப்பியும் கையில் இருக்கிறது என்றால் தாராளமாக ஃபார்மட் செய்யலாம். அது கடைசி மருந்து, முதல் மருந்து அல்ல. இன்னும் விண்டோஸ் 10 ஓடும் சிஸ்டமா? அதற்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. எப்படியும் மறுபடி இன்ஸ்டால் செய்யப்போகிறீர்கள் என்றால், உங்கள் சிஸ்டம் விண்டோஸ் 11-ஐத் தாங்குமா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

அந்த வீட்டுக்குத் திரும்புவோம். கவுன்சலிங் பட்டியலை மகள் அம்மாவின் போனில் முடித்துவிட்டாள். மறுநாள் ஸ்மார்ட் நிலையைப் பார்த்தால் மஞ்சள். ஃபோல்டர் ஃபோல்டராகக் காப்பி செய்ததில், பள்ளி ஆண்டுவிழாப் படங்களில் பாதி வரவே இல்லை. அறுபதாம் கல்யாண வீடியோ வந்துவிட்டது. பழைய டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி போட்டதும் அதே சிஸ்டம் சுறுசுறுப்பாக ஓடுகிறது. எஸ்.எஸ்.டி-யும் ஒருநாள் சத்தமே இல்லாமல் சட்டென்று நின்றுவிடலாம் என்பதால், வீடியோ இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒன்று, பீரோவில் வைத்த எக்ஸ்டெர்னல் டிஸ்க்கில் ஒன்று, ஆன்லைன் டிரைவில் ஒன்று.

உங்கள் வீட்டு கம்ப்யூட்டர் இன்று நன்றாகத்தான் ஓடுகிறதா? அப்படியானால் காப்பி எடுக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது!