ஊன்றுகோல் கடைந்த கதை

கண்டி மாநகரின் தென்மேற்கே ஓங்கி நிற்கிறது ஹந்தானை மலை. அங்கே 1925ஆம் ஆண்டில் எழுந்த பழைய தேயிலைத் தொழிற்சாலைக் கட்டடம், 2001ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. அதனைக் காணச் சென்ற நாம், திரும்பும் வழியில் அம்மலைச்சாரலில் வாழும் நண்பர் ஒருவரின் இல்லத்துக்கும் சென்றோம். நூதனசாலையிலே கண்ட பெரிய பொறிகளை விட, நண்பர் வீட்டுத் தாழ்வாரத்திலே கண்ட சிறிய கடைசற்பொறியே எமது உள்ளத்தை அதிகம் கவர்ந்தது. அதன் காரணத்தை வாசகர்களுக்குக் கூறவே இவ்வாரம் பேனாவை எடுத்தோம்.

நண்பர் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய அன்னையார் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். சில மாதங்களுக்கு முன்னர், மழையில் நனைந்த படிக்கட்டிலே அம்மையார் வழுக்கி விழுந்தார். தெய்வாதீனமாக எலும்பு முறியவில்லை. ஆனால் இடது முழங்கால் தளர்ந்துவிட்டது. உலகிலே ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் விழுந்ததனாலேயே உயிரிழக்கின்றனர் என உலகச் சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. அவர்களுள் முதியோரே மிகுதி. ஆகவே ஊன்றுகோல் என்பது அலங்காரப் பொருளன்று, உயிர்காக்கும் துணை.

கடையில் வாங்கிய கோலை அம்மையார் தொடவேயில்லை. "கோல் பிடித்தால் கிழவியென்று ஊரே சொல்லும், தம்பி" என்று மகனிடம் கூறிவிட்டாராம். நண்பர் அந்தக் கோலை அளந்து பார்த்தபோது வேறொரு காரணமும் புலப்பட்டது. அது முப்பத்தாறு அங்குல நீளம். குள்ளமான அம்மையாருக்கோ அது தோளைத் தூக்கிப் பிடிக்க வைத்தது. ஒருவருக்கு ஏற்ற நீளத்தை அறிவது எளிது. வழக்கமான செருப்பை அணிந்து நிமிர்ந்து நிற்கச் செய்து, கையைத் தளரத் தொங்கவிட்டு, மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரைவரை அளக்க வேண்டும். அம்மையாருக்குக் கிடைத்த அளவு இருபத்தொன்பது அங்குலம். "அளந்தெடுத்த சட்டை போல அளந்தெடுத்த கோலும் வேண்டும்" என்று எண்ணிய நண்பர், தாமே கடைய முற்பட்டார்.

முதற் கோல் தோல்வியில் முடிந்தது. மரக்காலையில் வாங்கிய பலகையை அறுத்து, அழகாகக் கடைந்து, மெருகும் ஏற்றினார். அன்னையிடம் கொடுக்குமுன் தமது முழுப் பாரத்தையும் அதன்மேல் சாய்த்துப் பார்த்தார். 'படார்' என முறிந்தது! முறிந்த இடத்தைக் கூர்ந்து நோக்கியபோது, மரத்தின் இழைகள் கோலின் நெடுக்கே ஓடாமல் குறுக்கே சரிந்திருந்தன. வாள் தன் வழியிற் செல்லும். இழையின் வழியை அது பார்ப்பதில்லை. ஆப்பு வைத்துப் பிளந்தாலோ, மரம் தன் இழை வழியே பிரியும். அத்தகைய துண்டே பாரம் தாங்கும். அன்று முறிந்தது கோல் மட்டுமே என்பதற்காக நண்பர் இறைவனுக்கு நன்றி கூறினாராம்.

இரண்டாம் கோலுக்குக் கொய்யா மரத்தைத் தேர்ந்தார். கொய்யா எளிதில் முறியாத வைரமுடையது. பிளந்த துண்டுகளின் முனைகளில் மெழுகு பூசிப் பரணிலே உலர்த்தியிருந்தார். ஓர் அங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது மரம் உலர்த்துவோர் கைக்கொள்ளும் பொதுக் கணக்கு.

அவருடைய சிறு பொறியிலே பதினெட்டு அங்குலத்துக்கு மேற்பட்ட துண்டு பொருந்தாது. எனவே கோலை இரு துண்டுகளாகக் கடைந்தார். இதில் ஒரு நன்மையும் உண்டு. நீண்டு மெலிந்த மரம் சுழலும்போது நடுவிலே வளைந்து உளியை விட்டு விலகித் துள்ளும். மேற்பரப்பிலே அலையலையாகத் தழும்பு விழும். குட்டையான துண்டு அவ்வாறு அதிராது. சதுரமாயிருக்கையில் மெதுவாகச் சுழற்றி, உருண்டையான பின்னரே வேகத்தைக் கூட்ட வேண்டும். தொங்கும் சால்வையும் தளர்ந்த சட்டைக்கையும் பொறியருகே ஆகா. கண்ணாடியும் முகக்கவசமும் இன்றியமையாதவை. மாணவர்கள் இதனை மனத்திற் பதித்துக்கொள்வார்களாக.

இரு துண்டுகளையும் உள்ளே உருக்குக் கம்பி செலுத்தி, பசையிட்டு இணைத்து, பொருத்தின்மேல் பித்தளை வளையம் பூட்டினார். மேலே உருண்டைக் குமிழை வைக்காமல், உள்ளங்கை படிந்து அமரக் குறுக்குப் பிடி அமைத்தார். அடியிலே இறப்பர்க் குமிழ்.

நிறம் எதற்கு என வினவினோம். நண்பர் நகைத்தார். "அரக்குக் கோலுக்கு மாத்தளை அருகில் இருக்கையிலே நிறத்துக்கா பஞ்சம்?" என்றார். மாத்தளைப் பகுதியின் ஹபுவிடக் கிராமத்தார் அரக்கை அனலிலே இளக்கி, நூலாக இழுத்து, நகத்தால் அழுத்திக் கோல்களிலும் ஏட்டுச்சுவடிப் பலகைகளிலும் சித்திரம் செய்து வந்தவர்கள். சுழலும் மரத்திலே அரக்குக் கட்டியை அழுத்தி, உராய்வின் சூட்டாலேயே நிறம் படியச் செய்வது மற்றொரு முறை. நம் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிலே இக்கைத்தொழில்களை விரிவாக எழுதி வைத்தார். பொறிகளின் பெருக்கத்தால் கைவினைஞன் மறைந்து போவானோ என்பதே அவருடைய கவலை. ஹந்தானைத் தாழ்வாரத்திலோ ஒரு பொறியே கைவினைஞனை உண்டாக்கியிருந்தது!

கோலை நண்பர் அன்னையின் வலக்கையிலே கொடுத்தார். நொந்த காலுக்கு எதிர்ப்புறக் கையிலே கோல் இருந்து, நொந்த காலும் கோலும் ஒன்றாக முன்வைக்கப்பட்டால்தான் பாரம் பகிரப்படும். அம்மையார் பிடியைத் தடவினார். "இது நம்ம லயத்துக் கொய்யாவா?" என்றார். ஆம், அவர் கன்றாக நட்டுக் காற்றிலே சாய்ந்த மரமே அது. மறுமொழி கூறாமல் எழுந்து, முற்றத்துப் படி மூன்றையும் தாமே இறங்கினார்.

பெற்றோருக்குப் பொருள் வாங்கி அனுப்பும் பிள்ளைகள் பலர். ஆனால் அவர்களை நிற்கச் செய்து, மணிக்கட்டிலிருந்து தரைவரை ஒருமுறை அளந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? அதற்குக் கடைசற்பொறி வேண்டியதில்லை. ஓர் அளவுநாடாவும் சிறிது நேரமும் போதும். இந்த ஞாயிறன்றே அளந்து பாருங்கள்.