மாப்பிள்ளையையும் தானே பெற்றெடுக்கும் ராணி எறும்பு!

பூனைக்குப் பூனைக்குட்டி, யானைக்கு யானைக்குட்டி. இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? இருக்கிறது என்கிறது தெற்கு ஐரோப்பாவில் வாழும் ஓர் எறும்பு. பெயர், மெஸ்ஸர் ஐபெரிகஸ். விதைகளைப் பொறுக்கிவந்து புற்றில் சேமித்துவைக்கும் ரகம்.

இதன் ராணிக்கு ஒரு விநோதச் சிக்கல். சொந்த இன ஆணோடு சேர்ந்தால் பிறக்கும் பெண்கள் வருங்கால ராணிகளாகத்தான் வளர்கின்றன. இரை தேட, புற்றைக் காக்க, இளம்புழுக்களை வளர்க்க வேலைக்கார எறும்புகள் வேண்டுமே? அதற்கு மெஸ்ஸர் ஸ்டிரக்டர் என்ற வேறு இனத்து ஆணின் விந்தணு வேண்டும். ஆக, புற்றில் உழைக்கும் வேலைக்காரர்கள் அத்தனை பேரும் கலப்பினம். அந்த விந்தணு கிடைக்காவிட்டால் புற்றே எழும்பாது.

இத்தாலியின் சிசிலித் தீவில்தான் குழப்பம் ஆரம்பித்தது. அங்கேயும் வேலைக்காரர்கள் கலப்பினம்தான். ஆனால், ஸ்டிரக்டர் எறும்புகள் வாழும் இடமோ 1,000 கிலோமீட்டருக்கு அப்பால்! அப்படியென்றால் அப்பா எங்கிருந்து வந்தார்?

பிரான்ஸின் மாண்ட்பெல்லியே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜொனதான் ரோமிகியே குழுவினர் விடையைக் கண்டுபிடித்து, 2025 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். அந்த ஆண்களைப் பெற்றதே ஐபெரிகஸ் ராணிதான்!

ஒரே புற்றில் இரண்டு வகை ஆண்கள் இருந்தன. ஒன்றுக்கு உடம்பெல்லாம் முடி, இன்னொன்று கிட்டத்தட்ட மொட்டை. முடிக்காரர் ஐபெரிகஸ், மொட்டைக்காரர் ஸ்டிரக்டர். ஆய்வகத்தில் வளர்த்த ராணியின் முட்டைகளிலிருந்தும் இரண்டு வகையும் வெளிவந்தன. இந்த இரண்டு இனங்களும் பிரிந்து 50 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கிட்டத்தட்ட நாமும் சிம்பன்சியும் மாதிரி.

இது எப்படிச் சாத்தியம்? ராணி தன் உடலில் சேமித்துவைத்த ஸ்டிரக்டர் விந்தணுவால் முட்டை கருவுறுகிறது. அந்த முட்டையின் உட்கருவில் அம்மாவின் டிஎன்ஏ இருப்பதில்லை, அப்பாவுடையது மட்டும்தான். பிறக்கும் மகன், அப்பாவின் குளோன். மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள துளி டிஎன்ஏ மட்டும் ஐபெரிகஸுடையது. பெற்றவள் யார் என்பதைக் காட்டிக்கொடுத்ததும் அதுதான்.

இந்த மகன்கள்தான் அடுத்த தலைமுறை ராணிகளுக்கு மாப்பிள்ளைகள். அவர்கள் வழியாகத்தான் புதிய புற்றுகளுக்கு வேலைக்காரர்கள் கிடைக்கிறார்கள்.

மாப்பிள்ளைகளின் நிலைமைதான் பாவம். சிசிலியில் அவர்கள் இனத்துப் பெண் ஒன்றுகூடக் கிடையாது. ஐபெரிகஸ் ராணி முட்டையிடும் வரைதான் அங்கே அந்த வம்சம்.