புழு ஆய்வும் வறியோர் உடலும்

“மருந்து உண்டு, மலிவாகவும் உண்டு. பின்னர் ஒட்டுண்ணிப் புழுக்களின் பரம்பரையலகுகளை மாற்றியமைக்கும் ஆய்வு எதற்கு?” என வினவுவோர் உளர். இவ்வினா சிக்கனத்தின் குரல்போல் ஒலிக்கின்றது. உண்மையில், வறியோரின் நோய்க்கு அரைகுறை அறிவே போதும் என்பதே அதன் உட்பொருள்.

செம்மறியாட்டின் இரைப்பையில் குருதி உறிஞ்சும் ஹீமோங்கஸ் புழு ஐவர்மெக்ரினை எதிர்த்து வாழும் ஆற்றலை என்றோ பெற்றுவிட்டது. மனிதருக்கும் அம்மருந்தே வழங்கப்படுகின்றது. எதிர்ப்பாற்றலைத் தரும் பரம்பரையலகு எதுவென்பதை ஊகத்தால் நிறுவவியலாது. அதனை மாற்றி விளைவை நோக்கியே நிறுவுதல் வேண்டும்.

மண்ணில் தீங்கின்றி வாழும் சீனோராப்டைற்றிஸ் எலிகன்ஸ் புழுவின் மரபுத்தொகுதி 1998இலேயே வாசிக்கப்பட்டது. அதனை ஆராய்ந்தோர் நொபெல் பரிசுகளும் பெற்றனர். மனிதரைப் பீடிக்கும் ஸ்ரொங்கிலோயிடிஸ் புழுவிலோ, கிறிஸ்பர் முறையால் ஒரு பரம்பரையலகைச் சிதைத்த செய்தி 2017இலேதான் வெளிவந்தது. அப்புழுக்கள் அசைவு குலைந்து துடித்தன. அப்பரம்பரையலகின் பணி அதனாலேயே புலனாயிற்று.

தாமதத்துக்குப் புழுவின் வாழ்க்கை வட்டமே காரணம் என்பர். அதில் உண்மையுண்டு. ஸ்ரொங்கிலோயிடிஸின் ஒரு தலைமுறை உடலுக்கு வெளியே வாழ்வதால் அதன் பெண்புழுவுக்கு ஊசியேற்றலாம். கொழுக்கிப் புழுவில் அவ்வாய்ப்பில்லை. ஆயின் கடினமான வினாவுக்கன்றோ கூடுதலான பணமும் உழைப்பும் தேவை! வாங்கும் வலுவற்ற நோயாளிக்காகச் சந்தை அவற்றை ஈவதில்லை.

யானைக்கால் நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை நீக்கிவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் ஏற்றது. அது இலாபத்தால் விளைந்ததன்று. 1947இல் தொடங்கிய அரச இயக்கத்தின் நெடிய உழைப்பால் விளைந்தது. புழுவைப் பற்றிய அறிவும் அவ்வாறே பொதுச் செலவில் தேடப்படும் பொதுச் செல்வமாதல் வேண்டும்.