ஒரே வாசல் போதுமா?

லேபில் உட்கார்ந்து வெளியே உள்ள தன் சர்வருக்குள் எஸ்.எஸ்.எச். மூலம் நுழையப் பார்த்தவர்களுக்கு இந்த எரிச்சல் தெரியும். அதற்கு உரிய 22-ஆம் போர்ட்டை ஃபயர்வால் மறித்துவிடும். வெப்புக்கான 443 மட்டும் திறந்திருக்கும். "அப்போ ரெண்டையும் 443-லேயே வெச்சுட்டா என்ன?" என்பவர்களுக்காகவே எஸ்.எஸ்.எல்.எச். என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. வருகிறவரின் முதல் பேச்சைக் கேட்டே ஆளை எடைபோட்டுவிடும். முதல் பைட் 22 என்றால் டி.எல்.எஸ்.; வெப் சர்வருக்கு அனுப்பும். (இங்கேயும் 22! தற்செயல்தான்.) 'எஸ்.எஸ்.எச்.' என்றே ஆரம்பித்தால் எஸ்.எஸ்.எச். சர்வருக்கு. வாயே திறக்காமல் நின்றால், கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அதையும் எஸ்.எஸ்.எச். கணக்கில் சேர்த்துவிடும்.

கெட்டிக்காரத்தனம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதையே பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களே, அதுதான் பிடிக்கவில்லை. அந்த ஆரம்ப எழுத்துகள் வெளிப்படையாகவே போகின்றன; பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்கிற ஃபயர்வால் பிடித்துவிடும். சாதாரணமாக அமைத்தால் வருகிற எல்லோரும் 127.0.0.1-லிருந்து வந்ததாகவே லாக்கில் பதியும். பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கிற திருடன் யாருன்னே தெரியாது. அந்த ஒரு புரோகிராம் படுத்துட்டா வெப்சைட்டும் போச்சு, சரிசெய்ய உள்ளே போகிற வழியும் போச்சு! 443-ஐப் பகிர்ந்துகொள்ளுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. 22-ஐ உங்கள் வீட்டு ஐ.பி.க்காவது திறந்து வையுங்கள்.