திவ்யாவுக்கு அது பேய்ப்படம்

2003-இல் வெளிவந்த ‘காதல் கொண்டேன்’ படத்தை இன்றும் காதல் படம் என்றே சொல்கிறார்கள். காதலனோடு சேர்த்துவைப்பதாக நம்பவைத்து, உடன் படிக்கும் திவ்யாவை மலைக்காட்டுக்கு அழைத்துப்போய், முன்பே தயார்செய்த மறைவிடத்தில் தன்னோடு வைத்துக்கொள்கிறான் வினோத். அவளைப் பொறுத்தவரை அது பேய்ப்படம். கேமராவோ கடைசிவரை அவன் பக்கம். மலைவிளிம்பில் அவள் பிடித்திருந்த கையை அவனே விடுவித்துக்கொண்டு விழுகிறான். நம்மை அழவைப்பது அவன் சாவு. 1991-இன் ‘குணா’ இன்னும் ஒரு படி மேலே போய், கடத்தப்பட்டவளையே கடத்தியவன்மேல் காதல்கொள்ள வைத்தது. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ படத்தின் புண்ணியத்தில் 2024-இல் ‘குணா’வின் குகையையும் பாட்டையும் மறுபடி கொண்டாடினோம்.

வினோதுக்குப் பரிந்து பேசுவோர் அவன் சிறுவயதைக் காட்டுகிறார்கள். கொத்தடிமைபோல வேலை வாங்கப்பட்ட அநாதை, அன்பையே அறியாதவன், வேறெப்படி இருப்பான் என்கிறார்கள். இதை உரசிப்பார்க்க விருதுநகர் மாவட்டத்தைவிட நல்ல இடம் இல்லை. சிவகாசி, சாத்தூர் பக்கம் விடியுமுன் வண்டியேறி, தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிய பிள்ளைகளின் நிலையைச் சலம் பென்னூர்கர் 1990-இல் ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்ற ஆவணப்படத்தில் காட்டினார். 1996 டிசம்பர் 10 அன்று எம்.சி. மேத்தா வழக்கில், குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி தலைக்கு 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்தப் பிள்ளைகள் இன்று நடுவயதுக்காரர்கள். பட்ட பாட்டுக்கு ஈடாக அவர்கள் யாரையும் தூக்கிக்கொண்டு போகவில்லை. குடும்பம் நடத்தினார்கள், தம் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இன்னொன்று, தீப்பெட்டி வேலையில் இருந்தவர்களில் பெண்பிள்ளைகளே அதிகம். அந்தப் பெண்பிள்ளையின் காயத்தை வைத்து யாரும் ஒரு கதாநாயகியை உருவாக்கவில்லை. சினிமாவில் அந்தக் காயம் ஆணுக்குத்தான் சலுகை வாங்கித் தருகிறது.

படம் பார்த்துத்தானா பையன் கெட்டுப்போகிறான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஒரு படம் யார் கையிலும் கத்தியைக் கொடுப்பதில்லை. ஆனால் மறுத்தவளை விடாமல் துரத்துகிறவனுக்குத் தன்னைத் தியாகியாக நினைத்துக்கொள்ள ஒரு கதை கிடைத்துவிடுகிறது. பின்தொடர்தல் 2013-இலேயே சட்டப்படி குற்றமாகிவிட்டது. இன்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. அதற்குப் பிறகும் 2022-இல் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு மாணவி, பின்தொடர்ந்தவனால் ரயில்முன் தள்ளிக் கொல்லப்பட்டார். படத்தின் கடைசியில் வினோதே சாகிறானே, அது தண்டனை இல்லையா என்றும் கேட்பதுண்டு. ரசிகனை உருகவைக்கும் சாவைத் தண்டனைக் கணக்கில் எழுத முடியாது.

தடை கேட்கவில்லை, தடைசெய்த படத்துக்குத்தான் நம் ஊரில் கூட்டம் கூடும். 2024-இன் சான்றிதழ் விதிகள் யு/ஏ பிரிவை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருக்கின்றன. அடைத்துவைப்பதைக் காதலாக முடித்துவைக்கும் படத்துக்குக் குறைந்தது 16+ கொடுக்கவேண்டும். அது பெற்றோருக்குச் சொல்லும் அறிவுரைதான், கதவடைப்பு அல்ல. புகைபிடிக்கும் காட்சிக்கு எச்சரிக்கை வாசகம் ஓடுகிற நாட்டில் இது பெரிய கோரிக்கையும் அல்ல. இதற்குப் புதுச்சட்டம் வேண்டாம். சென்னை மண்டலத் தணிக்கை அலுவலகம் கையிலிருக்கும் விதிகளைக்கொண்டே அடுத்த படத்திலிருந்து தொடங்கலாம்.